பேஸ்மென்ட் சீலிங்கில் வெளியே தெரியும் இன்சுலேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கம் நம்மவர்கள் வாங்கும் வீடுகள் பலவற்றில் பேஸ்மென்ட் முடிக்கப்படாமலே இருக்கிறது. அரிசி மூட்டையும் பெரிய ஃப்ரீசரும் அங்கே போய்விடும். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும் அங்கேதான். தலைக்கு மேலே மரச்சட்டங்களும் அவற்றுக்கு இடையே இன்சுலேஷனாகத் திணித்த ரோஸ் நிறப் பஞ்சும் தெரியும். அதை என்ன செய்வது என்று வீடு வாங்கிய எல்லோரும் கேட்கிறார்கள், கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் ஒன்ராறியோ வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. அமெரிக்க விதி வேறுபடும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

சீலிங்கில் பஞ்சு அப்படியே தெரிகிறது. மூடாமல் விட்டால் என்ன?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. காகிதம் ஒட்டாத கண்ணாடி நார்ப் பஞ்சும் கல் நார்ப் பஞ்சும் தீப்பிடிக்காதவை. அவற்றை மூடாமல் விடுவது பொதுவாக விதிமீறல் ஆகாது. நார் உதிரும், தொட்டால் அரிக்கும், பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

காகிதம் ஒட்டிய பஞ்சும் ஃபோம் வகைகளும் வேறு கதை. இரண்டும் எரியும். இவற்றை மூடுவது பாதுகாப்புக்காக. வீட்டை அழகாக்கக் காசு சேரும்வரை அந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

எங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரோஸ், மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில் மெத்தென்று இருந்தால் அது கண்ணாடி நார், அதாவது ஃபைபர்கிளாஸ். சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் அடர்த்தியாக, கத்தியால் நேராக வெட்டக்கூடியதாக இருந்தால் கல் நார். பஞ்சின் ஒரு பக்கத்தில் பழுப்புக் காகிதமோ வெள்ளிப் படலமோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே அழுத்தியிருக்கும் பக்கத்திலும் காகிதம் இருக்கக்கூடும், ஒரு மூலையை மெல்ல இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேடும் பள்ளமுமாக உறைந்த நுரை போல ஒட்டிக்கொண்டிருப்பது ஸ்பிரே ஃபோம். வெள்ளை மணிகளை அழுத்திச் செய்தது போன்ற பலகையும், நீலம் அல்லது ரோஸ் நிறக் கெட்டிப் பலகையும் பாலிஸ்டைரீன்.

ஓர் எச்சரிக்கை. 1980களுக்கு முன் கட்டிய வீட்டில், குழாயையோ சூடான காற்றுக் குழலையோ சுற்றி வெளிறிய சாம்பல் நிறத்தில் அட்டை போன்ற உறை இருந்தால் அதைத் தொடாதீர்கள், பிய்க்காதீர்கள். அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். ஆய்வகத்தில் பரிசோதித்து முடிவு தெரிந்த பிறகுதான் அந்த இடத்தில் எந்த வேலையும் செய்ய வேண்டும்.

கண்ணாடி நாரைச் சுவாசித்தால் புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

இந்தப் பயம் முந்தைய வகைப்பாட்டிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் கண்ணாடி நாரை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. 2001இல் சான்றுகளை மறுபடியும் ஆராய்ந்து, வீட்டு இன்சுலேஷனாகப் பயன்படும் கண்ணாடி நாரையும் கல் நாரையும் 'வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை' என்ற மூன்றாம் பிரிவுக்கு மாற்றியது. அஸ்பெஸ்டஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனாலும் தோல், கண், தொண்டை எல்லாவற்றையும் அது உறுத்தும். யாரும் அசைக்காத பஞ்சிலிருந்து அதிகம் உதிராது. பந்து எறிந்து விளையாடும் பிள்ளைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த இடத்தைப் புழங்கினால் மூடுவதுதான் நல்லது. பஞ்சைக் கையாளும்போது என்95 முகக்கவசம், கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை வேண்டும். அந்த உடைகளை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

காகிதம் கீழே தெரியும்படி ஸ்டேப்பிள் அடித்திருக்கிறார்கள். அது பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கிறது?

சுத்தமாகத் தெரிவதால்தான் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தக் காகிதம் தார் வகைப் பசையால் பஞ்சோடு ஒட்டப்பட்டது. சட்டென்று பற்றி வேகமாகப் பரவும். 'இது எரியும், திறந்தபடி விடக் கூடாது' என்ற எச்சரிக்கையைத் தயாரிப்பாளரே அந்தக் காகிதத்தில் அச்சிட்டிருப்பார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வாசிக்கலாம். அதற்குக் கீழே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், தண்ணீர் சூடாக்கி, துணி உலர்த்தி எல்லாம் இருக்கின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு தவறும் அதில் இருக்கலாம். காகிதம் ஈரப்பதத்தைத் தடுப்பதற்காக ஒட்டப்பட்டது. குளிர்காலத்தில் எந்தப் பக்கம் சூடாக இருக்குமோ அந்தப் பக்கத்தில்தான் அது இருக்க வேண்டும். பேஸ்மென்டுக்கு வெப்பம் இல்லையென்றால் சூடான பக்கம் மேலே உள்ள வீடு. ஆகவே காகிதம் மேல்நோக்கி, தளப்பலகையைத் தொட்டபடி இருக்க வேண்டும். பேஸ்மென்டும் சூடாக இருந்தால் ஈரப்பதத்தைப் பொறுத்தவரை எந்தப் பக்கமானாலும் வேறுபாடு இல்லை, தீ ஒன்றுதான் கவலை.

சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. பஞ்சைக் கழற்றித் திருப்பிச் செருகலாம். காகிதத்தை மட்டும் உரித்து எடுக்கலாம். அல்லது அப்படியே விட்டுக் கீழே டிரைவால், அதாவது ஜிப்சம் பலகை, அடித்து மூடலாம். வெப்பமுள்ள பேஸ்மென்ட் என்றால் மூன்றாவது வழியையே சொல்வேன். திருப்பியோ உரித்தோ செருகினால் பஞ்சு கீழே விழாமல் இருக்க, 16 அங்குலச் சட்ட இடைவெளிக்கு ஏற்ற கம்பித் தாங்கிகள் கடையில் கிடைக்கின்றன. வில்போல் வளைத்து இரண்டு சட்டங்களுக்கு நடுவே அழுத்தினால் தானாக நிற்கும்.

பிளாஸ்டிக் ஷீட் அடித்துவிட்டால் மலிவாக முடிந்துவிடுமே?

வேண்டாம். சுவர்களில் ஆவித்தடுப்பாக அடிக்கும் பாலித்தீன் தாள் எளிதில் எரியும், உருகிச் சொட்டும். சுவரில் அதற்கு முன்னால் டிரைவால் வந்துவிடுகிறது, சீலிங்கில் அது தனியாகத் தொங்கும். மேலும், கீழே வெப்பம் இல்லாத பேஸ்மென்டில் பாலித்தீனை அடித்தால் அது குளிர்ந்த பக்கத்தில் அமைந்துவிடும். மேலிருந்து வரும் ஈரம் அதில் தேங்கிப் பஞ்சை நனைக்கும். வீட்டின் வெளிப்புறத்தைச் சுற்றும் வெள்ளை உறைத் தாளும் இதற்கு உகந்ததல்ல. அது உள்ளே திறந்தபடி விடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

துணி கட்டலாமா? பழைய சேலைகள் நிறைய இருக்கின்றன.

இந்தக் கேள்விக்கு மனம் நோகாமல் பதில் சொல்ல வழி தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. தயவுசெய்து கட்டாதீர்கள். பாலியெஸ்டர் சேலை உருகி எரியும், பருத்திச் சேலை பற்றி எரியும். சீலிங் முழுவதும் விரித்த துணி, தீயை அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கொண்டுபோகும் பாதை. சணல் துணியும் படுக்கை விரிப்பும் இதே வகைதான். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்காக ஒருநாள் கட்டினாலும் விளக்குக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணிதான் வேண்டுமென்றால், தீப்பரவலுக்கு எதிராகச் சோதிக்கப்பட்ட துணி விற்கிறார்கள். கனடாவில் சிஏஎன்/யுஎல்சி எஸ்109, அமெரிக்காவில் என்எஃப்பிஏ 701 என்ற சோதனைக் குறி இருக்க வேண்டும். மருந்தில் தோய்த்த சில துணிகளைத் துவைத்தால் அந்தத் தன்மை போய்விடும் என்பதையும் கவனியுங்கள். காகிதமில்லாத பஞ்சின் கீழே நார் உதிராமல் இருக்க அது உதவும். காகிதத்துக்கும் ஃபோமுக்கும் அது பாதுகாப்பு ஆகாது.

அப்படியானால் எதைத்தான் போடுவது?

என் முதல் தேர்வு டிரைவால். அதன் உள்ளீடான ஜிப்சத்தில் நீர் வேதியியலாகக் கட்டுண்டு இருக்கிறது. தீ பட்டால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும்வரை பலகைக்கு மறுபக்கம் வெப்பம் ஏறுவது தாமதமாகும். அரை அங்குலப் பலகை, அதாவது 12.7 மில்லிமீட்டர், போதும். சட்டங்கள் 24 அங்குல இடைவெளியில் இருந்தால், தொய்யாத சீலிங் பலகை என்று கேட்டு வாங்குங்கள். பலகையின் நீளம் சட்டங்களுக்குக் குறுக்காக வர வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு திருகாணி. பலகையைத் தூக்கிப் பிடிக்கும் கருவியை வாடகைக்கு எடுங்கள். கழுத்தும் தோளும் அதற்கு நன்றி சொல்லும்.

இரண்டாவது, டிராப் சீலிங். உலோகச் சட்டக வலையில் பலகைகளைத் தூக்கி வைப்பது. குழாயோ வயரோ பழுதானால் ஒரு பலகையை எடுத்துப் பார்த்துவிடலாம், அதுதான் அதன் பெரிய வசதி. ஆனால் பஞ்சை அந்தப் பலகைகளின் மேலே பரப்பிவிடாதீர்கள், பாரத்தில் தொய்யும். பஞ்சு சட்டங்களுக்கு இடையிலேயே நிற்கட்டும். காகிதம் ஒட்டிய பஞ்சுக்கு இதை நான் சொல்வதில்லை. அந்தக் காகிதம் மூடும் பொருளைத் தொட்டபடி இருக்க வேண்டும். டிராப் சீலிங்கிலோ இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கும்.

மூன்றாவதாக, தீப்பரவல் எண் 25 அல்லது அதற்குக் குறைவு என்று குறியிட்ட வெள்ளிப் படலம் ஒட்டிய பஞ்சு இருக்கிறது. திறந்தபடி விடுவதற்காகவே செய்யப்பட்டது. பழையதை எல்லாம் கழற்றிப் புதிதாகப் போடுகிறவர்களுக்கு இது பொருந்தும். சாதாரண வெள்ளிப் படலம் இதுபோலவே தெரியும், ஆகவே பையில் உள்ள குறியை வாசித்து வாங்குங்கள்.

டிராப் சீலிங் போட்டால் உயரம் எவ்வளவு குறையும்?

சட்டத்திலிருந்தோ அதற்குக் கீழே தொங்கும் குழாயிலிருந்தோ குறைந்தது 3 முதல் 4 அங்குலம். பலகையைச் சரித்து உள்ளே நுழைக்க அவ்வளவு இடம் வேண்டும். டிரைவால் அரை அங்குலத்தைத்தான் எடுக்கும். பழைய ஸ்காபரோ பங்களாக்களில் பேஸ்மென்ட் ஏற்கெனவே தாழ்வு. அங்கே டிரைவாலைத் தவிர வேறு யோசிக்க வேண்டியதில்லை.

மூடுவதை விடுங்கள், அந்தப் பஞ்சு அங்கே தேவையா?

நல்ல கேள்வி, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பேஸ்மென்டில் ஃபர்னஸும் காற்றுக் குழல்களும் இருந்தால் அது வெப்பமுள்ள இடம். அங்கே வெப்பத்தைக் காக்கும் இன்சுலேஷன் வெளிச்சுவர்களில் இருக்க வேண்டும். சீலிங்கில் இருக்கும் பஞ்சு சத்தத்தைக் குறைப்பதற்கு மட்டுமே உதவும். காகிதம் ஒட்டிய பழைய பஞ்சை மூட மனமில்லை, சத்தமும் பொருட்டில்லை, சுவர்களில் இன்சுலேஷன் இருக்கிறது என்றால், அதை எடுத்துவிடுவதும் ஒரு தீர்வு.

வெப்பமில்லாத பேஸ்மென்டிலும் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த கிரால் ஸ்பேஸிலும் சீலிங் இன்சுலேஷன் தேவை. ஆனால் அதோடு ஒரு ஆபத்து வரும். மேல்வீட்டு வெப்பம் கீழே இறங்காததால் பேஸ்மென்ட் இன்னும் குளிரும். பஞ்சுக்குக் கீழே ஓடும் தண்ணீர்க் குழாய்கள் ஜனவரியில் உறைந்து வெடிக்கலாம். குழாய் பஞ்சுக்கு மேலே, சூடான பக்கத்தில் இருக்கும்படி செய்யுங்கள்.

மேலே நடக்கும் சத்தம் கேட்காமல் இருக்கப் பஞ்சு மட்டும் போதாதா?

போதாது. பஞ்சு சட்டங்களுக்கு நடுவே எதிரொலிக்கும் பேச்சுச் சத்தத்தை விழுங்கும். மூடாத பஞ்சின் வழியே மீதி எல்லாம் கீழே வந்துவிடும். சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், அதைத் தருவது டிரைவால். குதிகால் அதிர்வுக்கு அதுவும் போதாது, ஏனென்றால் அதிர்வு மரத்தின் வழியே இறங்குகிறது. சட்டத்துக்கும் டிரைவாலுக்கும் நடுவே நெகிழும் உலோகப் பட்டியை வைத்துத் தொடர்பை முறிக்க வேண்டும். அந்தப் பட்டி வழியே ஒரு நீளத் திருகாணி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பயன் போய்விடும். இதைத் தெரிந்தவர் செய்ய வேண்டும்.

மூடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

மின் இணைப்புப் பெட்டிகளை டிரைவாலுக்குப் பின்னால் புதைப்பது விதிமீறல். பெட்டியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் அல்லது அதன் மூடி வெளியே தெரிய வேண்டும். தண்ணீர் அடைப்பு வால்வு, கழிவுக் குழாயின் சுத்திகரிப்பு வாய், காற்றுக் குழலின் தடுப்புக் கைப்பிடி இவற்றுக்குச் சிறிய திறப்புக் கதவு வையுங்கள். சட்டத்தின் கீழ் விளிம்பிலிருந்து 32 மில்லிமீட்டருக்குள் வயர் ஓடினால் அங்கே இரும்புத் தகடு அடியுங்கள், இல்லாவிட்டால் திருகாணி அதைத் துளைக்கும். சீலிங்குக்குள் பதிக்கும் விளக்குகள் பஞ்சைத் தொடலாம் என்று குறியிட்டவையாக இருக்க வேண்டும். புகைக்குழாயைச் சுற்றி எவ்வளவு இடைவெளி என்பது அதன் முத்திரையில் எழுதியிருக்கும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. பழைய வீடுகளில் இரண்டு சட்டங்களுக்குக் கீழே தகரம் அடித்து, அந்த இடைவெளியையே ஃபர்னஸுக்குக் காற்று திரும்பும் பாதையாக விட்டிருப்பார்கள். அதற்குள் பஞ்சைத் திணித்தால் காற்றோட்டம் அடைபடும், நாரும் வீடு முழுவதும் சுற்றும். தகரம் அடித்த இடைவெளியை அப்படியே விட்டு, அதன் விளிம்புகளை மட்டும் காற்று நுழையாமல் அடையுங்கள்.

நகராட்சி அனுமதியோடு நடக்கும் வேலை என்றால் ஆய்வாளர் பார்த்துச் சம்மதித்த பிறகே மூட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் பிரித்துக் காட்டச் சொல்வார்.

சீலிங் ஓரத்தில் ஸ்பிரே ஃபோம் அடித்திருக்கிறது. அதையும் மூட வேண்டுமா?

சட்டங்கள் வெளிச்சுவரில் முடியும் அந்த ஓரத்தை ரிம் ஜாயிஸ்ட் என்பார்கள். அங்கே ஃபோம் நல்ல தேர்வுதான், காற்று நுழைவதை அடைத்துவிடும். ஆனால் ஃபோம் எங்கே இருந்தாலும் எரியும் பொருள். பொது விதி, அரை அங்குல டிரைவால் அல்லது அதற்குச் சமமான வெப்பத்தடுப்பால் மூட வேண்டும் என்பது. அமெரிக்க வீட்டு விதிநூல் இந்த ஓரத்துக்கு மட்டும் மூன்றேகால் அங்குலத் தடிமன்வரை விலக்கு அளிக்கிறது. அதை அங்குள்ள காணொளிகளில் பார்த்துவிட்டு இங்கேயும் பொருந்தும் என்று நம்பாதீர்கள். உங்கள் நகராட்சி ஆய்வாளரிடம் கேளுங்கள். தீ பட்டால் உப்பும் பூச்சு சில ஃபோம்களோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஃபோமுக்கு அந்தச் சோதனை உண்டா, எவ்வளவு தடிமனாகப் பூச வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். சாதாரணக் கறுப்பு பெயின்ட் இதில் சேராது.

எங்களுடையது புது வீடு. சட்டங்கள் 'ஐ' எழுத்து வடிவில் இருக்கின்றன. அதற்கு ஏதாவது தனிக் கவனம் உண்டா?

உண்டு. ஒட்டுப்பலகையை நடுவில் வைத்துச் செய்த அந்தச் சட்டங்கள் நேராகவும் பலமாகவும் இருக்கும். ஆனால் நடுப்பலகை மெல்லியது, தீயில் விரைவில் பலம் இழக்கும். அமெரிக்காவின் யுஎல் ஆய்வகம் 2008இல் செய்த சோதனையில், மூடாத ஐ வடிவச் சட்டத் தளம் ஏறக்குறைய 6 நிமிடத்தில் இடிந்தது. முழு மரச்சட்டத் தளம் 18 நிமிடத்துக்கு மேல் நின்றது. கீழே அரை அங்குல டிரைவால் அடித்தபோது ஐ வடிவச் சட்டமும் பல மடங்கு நேரம் தாங்கியது. 2012 முதல் அமெரிக்க மாதிரி விதிநூல், சில விலக்குகள் தவிர, முடிக்காத பேஸ்மென்டிலும் இந்தச் சட்டங்களுக்குக் கீழே மூடுபலகை கேட்கிறது. இரவில் மேலே தூங்கும் குடும்பத்துக்கும் உள்ளே நுழையும் தீயணைப்பு வீரருக்கும் அந்த நிமிடங்கள் தேவை. பஞ்சு எந்த வகையாக இருந்தாலும், ஐ வடிவச் சட்டம் உள்ள வீட்டில் டிரைவால் அடியுங்கள் என்பேன்.

பேஸ்மென்டை வாடகைக்கு விட நினைக்கிறோம். அதே டிரைவால் போதுமா?

போதாது. தனிச் சமையலறையோடு இரண்டாவது குடியிருப்பு ஆகும்போது அந்த சீலிங் இரண்டு வீடுகளுக்கு நடுவே தீத்தடுப்புச் சுவர் போல நிற்க வேண்டும். எத்தனை நிமிடம் தாங்க வேண்டும் என்பது வீட்டின் வயதையும், புகை அலாரங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பொறுத்து மாறும். வழக்கமாக, தீயை அதிக நேரம் தாங்கும் 15.9 மில்லிமீட்டர் டைப் எக்ஸ் டிரைவால் கேட்பார்கள். நாலுக்கு எட்டு அடிப் பலகை சுமார் 70 பவுண்டு இருக்கும். மரச்சட்டம், பஞ்சு, நெகிழும் பட்டி, டிரைவால் எல்லாவற்றையும் ஒன்ராறியோ விதிநூலின் பட்டியல் ஒரே தொகுதியாகவே மதிப்பிடுகிறது. ஆகவே மேலே இருக்கும் பஞ்சை எடுப்பதும் மாற்றுவதும்கூட அந்த மதிப்பைப் பாதிக்கலாம். மூட்டுகளில் டேப் ஒட்டிப் பூச வேண்டும், குழாய் நுழையும் துளைகளைத் தீத்தடுப்புப் பசையால் அடைக்க வேண்டும். சாதாரண டிராப் சீலிங் இந்த வேலைக்குக் கணக்கில் வராது.

உயரத்தையும் முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது குடியிருப்புக்கு 1.95 மீட்டரும், உத்தரம், காற்றுக் குழல் இவற்றுக்குக் கீழே 1.85 மீட்டரும் வேண்டும். அனுமதி எடுக்காமல் செய்து, பிறகு தீ விபத்து நடந்தால், காப்புறுதி நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது கடினம்.

பஞ்சில் கறுப்புத் திட்டுகள் தெரிகின்றன. பூஞ்சையா? அப்படியே மூடிவிடலாமா?

மூடாதீர்கள், முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பல சமயம் அது பூஞ்சையே இல்லை. பஞ்சு காற்றைத் தடுக்காது, வடிகட்டும். சுவரோரத்திலோ குழாய்த் துளையிலோ காற்று கசிந்தால் அதிலுள்ள தூசி அந்த இடத்தில் தங்கிக் கறுத்துவிடும். பஞ்சு உலர்ந்து, கறுப்பு ஒரு விரிசலின் வழியே கோடாக ஓடினால் இதுதான். பஞ்சை விலக்கி அந்த விரிசலை அடையுங்கள்.

பஞ்சு ஈரமாக இருந்தாலோ, மரத்தில் புள்ளிப் புள்ளியாகக் கறுப்பு படர்ந்து மண்வாசனை அடித்தாலோ பூஞ்சை என்று கொள்ளுங்கள். சமையலறைத் தொட்டிக்கும் குளியலறைக்கும் நேர்கீழே என்றால் கசிவைத் தேடுங்கள். ரிம் ஜாயிஸ்டில் என்றால், அறையின் சூடான ஈரக்காற்று பஞ்சைத் தாண்டிப் போய்க் குளிர்ந்த பலகையில் நீராக மாறியிருக்கும். அங்கே பஞ்சை எடுத்துவிட்டு ஃபோம் பலகையை வெட்டிப் பொருத்தி விளிம்புகளை அடைப்பது நல்லது. மூடும் விதி மேலே ரிம் ஜாயிஸ்ட் கேள்வியில் சொன்னதுதான். நனைந்த பஞ்சை உலர்த்தித் திரும்பப் போடாமல் தூக்கி எறியுங்கள். கோடையில் ஈரம் உறிஞ்சும் கருவியை ஓடவிட்டு ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். மரம் நன்றாகக் காய்ந்த பிறகு டிரைவாலை அடிக்கலாம்.